நெற்றிப்பொட்டில் ஒரு ஈரப்பஞ்சு

உப்புத் தண்ணீரில் பஞ்சைக் கொஞ்சம் அதிகமாகவே நனைத்துவிட்டார். ரப்பர் பட்டையை இறுக்கியதும் வலது நெற்றிப்பொட்டிலிருந்து ஒரு துளி கிளம்பி, காதோரமாக இறங்கி, சட்டைக் காலருக்குள் போனது. "துடைக்க வேண்டாம், தலையை அசைத்தால் பஞ்சு நகர்ந்துவிடும்" என்றார் நண்பர். அவர் மூளை ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர். நான் பல மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால், தியானத்தின்போது தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் கருவியை, வேலை முடிந்த ஒரு மாலையில் எனக்குப் போட்டுக் காட்டச் சம்மதித்திருந்தார். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் ஏதும் இருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா, மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று ஒரு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பஞ்சையே கையில் எடுத்தார்.

ஒரு பஞ்சு வலது நெற்றிப்பொட்டில், இன்னொன்று இடது புருவத்துக்கு மேல். இரண்டிலிருந்தும் வருகிற ஒயர்கள் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியில் போய்ச் சேருகின்றன. பேட்டரியில் ஓடும் பெட்டி. அதிலிருந்து வருவது 2 மில்லியாம்பியர் மின்சாரம். அதைத் தலையில் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் தியானத்தில் உட்கார வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டில் ஒன்று நிஜம், ஒன்று போலி. போலியில் கருவி முதல் முப்பது விநாடி மட்டும் மின்சாரத்தை ஏற்றித் தோலில் அரிப்பை உண்டாக்கிவிட்டு, சத்தமில்லாமல் அடங்கிவிடும். உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எந்த நாளில் எது என்று நண்பர் சொல்லவில்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த முதல் மாலை எனக்குக் கிடைத்தது போலி. இரண்டாவது முறையும் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் அது எனக்குத் தெரியும்.

பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் ஊசி முனையால் தோலைத் தொட்டுத் தொட்டு எடுப்பது போல இருந்தது. அப்புறம் அது அரிப்பாக மாறியது. வேர்க்குரு அரிப்பு மாதிரி, ஒரு முறை சொரிந்தால் தேவலை என்று தோன்றும் அரிப்பு. சொரியக் கூடாது. கண்ணை மூடி வழக்கம் போல மூச்சைப் பார்க்க ஆரம்பித்தேன். கவனம் மூக்கு நுனியில் நிற்கவில்லை, நெற்றிப்பொட்டுக்கே போனது. சரி, அரிப்பையே பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். பார்க்கப் பார்க்க அது ஒரு வட்டமாகத் தெரிந்தது. வட்டத்தின் ஓரம் நடுவைவிடச் சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடு மறைந்து ஓரம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஓரமும் அங்கங்கே அறுந்துபோனது. இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று தேடிக்கொண்டே இருந்தேன். நண்பர் தோளைத் தொட்டபோதுதான் இருபது நிமிடம் ஆகிவிட்டது என்பதே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: "இந்த வருடத்திலேயே நல்ல அமர்வு."

நான் ஏன் இதைத் தேடிப் போனேன் என்று சொல்ல வேண்டும். நான் தியானத்தைத் தொடங்கி மூன்று முறை கைவிட்டவன். நான்காவது முறை பிடித்துக்கொண்டது. இப்போது ஆறு வருடமாக விடாமல் உட்காருகிறேன். கைவிட்ட அந்த மூன்று முறையும் காரணம் ஒன்றுதான். உட்கார்ந்தால் மனம் ஓடியது, ஓடுவதைப் பார்த்து எனக்கு இது வராது என்று முடிவு கட்டினேன். என்னைச் சுற்றித் தியானம் கற்கத் தொடங்கி விட்டவர்கள் எல்லோரும் சொல்வதும் இதேதான். அவர்களுக்குத் தியானம் பிடிக்காமல் போகவில்லை. தங்களுக்கு அதற்குத் தகுதி இல்லை என்று நினைத்துவிட்டார்கள். அந்த முதல் சில மாதங்களைத் தாண்ட ஒரு கருவி கைகொடுக்கும் என்றால், அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மனம் ஓடுவது ஒருவருடைய தனிப்பட்ட குறை இல்லை என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம், பகலில் எதிர்பாராத நேரங்களில் கைப்பேசி வழியாக, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. இனிமையான விஷயத்துக்கு ஓடியபோதுகூட, கையில் இருக்கும் வேலையில் மனம் இருந்தபோது இருந்ததைவிட அவர்கள் அதிக சந்தோஷமாக இல்லை. நான்கு வருடம் கழித்து, 2014இல், உளவியலாளர் டிமோத்தி வில்சனின் குழு வேறொரு சோதனை செய்தது. ஓர் அறையில் பதினைந்து நிமிடம் தனியாக, தன் எண்ணங்களோடு மட்டும் இருக்க வேண்டும். விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தனக்குத் தானே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கடினம்.

'சும்மா இரு' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். சேட்டை செய்யும் பிள்ளையை அதட்டவும் அதே சொல்தான், ஞானத்தின் உச்சியைச் சொல்லவும் அதே சொல்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க ஒரு வாழ்நாள் போதாது என்றுதான் இதுவரை எல்லோரும் சொல்லி வந்திருக்கிறார்கள். 2004இல் மூளை ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் டேவிட்சனின் கூடத்தில் ஆன்டுவான் லுட்ஸ் தலைமையில் பௌத்தத் துறவிகளின் மூளை அலைகளை அளந்தார்கள். அசாதாரணமான காமா அலைகளைக் காட்டிய அவர்கள் ஒவ்வொருவரும் 10,000 மணி நேரத்திலிருந்து 50,000 மணி நேரம் வரை தியானம் செய்திருந்தவர்கள். தினமும் அரை மணி நேரம் உட்காருகிறவர் 10,000 மணியைத் தொட ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். வேலை, பிள்ளைகள், கடன் என்று வாழ்கிற ஒருவருக்கு அந்த எண் மலைப்பைத்தான் தரும். குறுக்குவழி உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு முகவரி கிடைத்தது 2001இல். மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய சகாக்களும், நாம் எந்த வேலையிலும் ஈடுபடாமல் இருக்கும்போது மூளையில் சில பகுதிகள் ஓய்வெடுக்காமல் மும்முரமாக இயங்குவதைக் காட்டினார்கள். வேலை ஒன்றைக் கொடுத்தால் அவை அடங்குகின்றன. அதற்கு டிஃபால்ட் மோட் என்று பெயர் வைத்தார்கள். நேற்று அவர் ஏன் அப்படிச் சொன்னார், நாளைக்கு நான் என்ன சொல்ல வேண்டும், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று 'நான்' என்ற கதையைத் திரும்பத் திரும்பப் பின்னுகிற வேலை பெரும்பாலும் இந்த வலையமைப்பில்தான் நடக்கிறது. அதன் ஒரு முக்கியமான முடிச்சு, மூளையின் இரு பாதிகளும் சந்திக்கிற நடுக்கோட்டில், பின்புறமாக உள்ளே ஆழத்தில் இருக்கிறது. போஸ்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸ் என்று பெயர். 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் புரூவர் குழுவினர், அனுபவமுள்ள தியானிகள் தியானத்தில் இருக்கும்போது இந்தப் பகுதியின் இயக்கம் புதியவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள்.

அதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூளையின் இயக்கத்தைப் படமாகக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்துத் தியானம் செய்பவருக்கு, அவருடைய மூளையின் அந்தப் பகுதி இப்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அப்போதைக்கப்போதே ஒரு வரைபடமாகக் காட்டினார்கள். உள்ளே நடந்ததைத் தியானம் செய்தவர்கள் விவரித்தபோது, முயற்சி இல்லாமல் கவனம் தானாக நின்ற நேரங்களில் வரைபடம் இறங்கியிருந்தது. கவனத்தை இழுத்துப் பிடித்து நிறுத்த முயன்ற நேரங்களில் ஏறியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு என் முதல் மூன்று தோல்விகளும் புரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பார்த்த காலம் அது. மூச்சைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மூச்சை ஒழுங்காகப் பார்க்கும் 'என்னை'ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. அந்த இடத்தை வெளியிலிருந்து கொஞ்சம் அமைதிப்படுத்தினால்?

தலையில் மின்சாரம் பாய்ச்சுவது பழைய ஆசைதான். முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைமேல் வைக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். 1800களின் தொடக்கத்தில் இத்தாலிய விஞ்ஞானி கால்வானியின் சகோதரி மகன் ஜியோவான்னி அல்தீனி, மனச்சோர்வு நோயாளிகளின் தலையில் பேட்டரி மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். இன்றைய வடிவம் வந்தது 2000இல், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் செய்த வேலையால். சில நிமிடம் மெல்லிய நேர்மின்சாரம் செலுத்தினால், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் மூளையின் அந்தப் பகுதி எளிதில் தூண்டப்படுகிற நிலையிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். திசையை மாற்றிச் செலுத்தினால் மந்தமாகிறது. இதற்கு டிடிசிஎஸ் என்று பெயர். என் நெற்றிப்பொட்டில் இருந்தது அதுதான்.

இந்த மின்சாரம் நியூரானை, அதாவது மூளையின் நரம்பு செல்லை, தானாக இயங்க வைப்பதில்லை. அந்த அளவுக்கு அதற்கு வலு கிடையாது. வாசல் வரை வந்து தயங்கி நிற்பவரை 'உள்ளே வாங்க' என்று சொல்கிற மாதிரி, ஏற்கனவே இயங்கத் தயாராக இருக்கும் நியூரானைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே மின்சாரம் ஓடும்போது ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதே முக்கியம். தலையில் கட்டிக்கொண்டு கைப்பேசியை நோண்டினால் கைப்பேசி நோண்டுவதற்குத்தான் அது உதவும் என்றார் நண்பர். தியானம் கற்கும்போதே மின்சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கற்பது ஆழமாகப் பதியுமா என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பதில்கள் சின்னவை, கலவையானவை. 2017இல் பஷார் பத்ரான் குழு இ-மெடிட்டேஷன் என்று பெயரிட்டு 15 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. மின்சாரம் சேர்த்தபோது அமைதி சற்றுக் கூடியது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 15 பேர்தான். 2019இல் கேட்டி விட்கீவிட்ஸ் குழு நியூ மெக்சிகோவில் செய்தது இன்னும் கனமானது. அதிகமாகக் குடிக்கும் 84 பேருக்கு, குடியிலிருந்து மீள்வதற்கான தியானப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம், பாதிப் பேருக்குப் போலி. முடிவில் இரண்டு குழுவிலும் குடி குறைந்தது. நிஜ மின்சாரம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைத் தோல்வி என்று படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. குடியோடு போராடிக்கொண்டிருந்த மனிதர்கள் கூடி உட்கார்ந்து, ஆசை எழுவதைப் பார்த்து, அது தணிவதையும் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் மின்சாரம் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வேலை நடந்திருக்கிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. மண்டையோடு சும்மா இருக்கவில்லை. ஜியார்ஜி புசாகியின் குழு இறந்தவர்களின் உடல்களில் அளந்து பார்த்தபோது, வெளியே கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தோலாலும் எலும்பாலும் தடுக்கப்பட்டு விடுகிறது என்று தெரிந்தது. 2018இல் அது வெளிவந்தது. உள்ளே போகிற கால் பங்கும் பரவலாகச் சிதறித்தான் போகிறது. ஆழத்தில் இருக்கிற அந்த முடிச்சை மட்டும் தேடித் தொட இதனால் ஆகாது.

அதனால்தான் இப்போது எல்லோருடைய பார்வையும் அல்ட்ராசவுண்ட் பக்கம் திரும்பியிருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்க உதவுகிற அதே வகை ஒலி. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போல இந்த ஒலியை மண்டையோட்டுக்கு உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கலாம். புள்ளியின் அகலம் சில மில்லிமீட்டர்தான். குறைந்த சக்தியில் செலுத்தினால் திசுவைச் சுடாமல் நியூரான்களின் இயக்கத்தை மட்டும் மாற்றுகிறது. மின்சாரம் எட்டாத ஆழத்தை இது எட்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே சாங்குவினெட்டியும், பல பத்தாண்டுகளாகத் தியானம் சொல்லிக்கொடுத்து வரும் ஷின்சென் யங்கும் சேர்ந்து இதற்காகவே ஒரு கூடம் நடத்துகிறார்கள். ஒரு விஞ்ஞானியும் ஒரு தியான ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். 2024இல் அவர்கள் குழுவின் முன்னோட்ட ஆய்வு ஒன்று வெளியானது. 30 பேர், அந்த போஸ்டீரியர் சிங்குலேட்டைக் குறிவைத்த ஒலி, ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி. நிஜ ஒலி பெற்றவர்களின் டிஃபால்ட் மோட் வலையில் இணைப்புகள் தளர்ந்தன. நேரத்தை உணர்வதிலும், தான் என்ற உணர்விலும் மாற்றம் தெரிந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

இங்கேதான் நான் நின்று யோசிக்கிறேன்.

தியானத்தில் நாம் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறோம்? அமைதியையா? இன்று காலை நான் உட்கார்ந்ததைச் சொல்கிறேன். மூச்சு உள்ளே போகிறது, மூக்கின் உள்விளிம்பு குளிர்கிறது. வெளியே வருகிறது, அதே இடம் வெதுவெதுக்கிறது. உள்ளே, வெளியே. பதில் போடாத ஒரு மின்னஞ்சல். போட்டிருக்க வேண்டும். அவர் கோபப்பட்டிருப்பாரா? போன முறையும் இப்படித்தான், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது, இப்படிச் சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படிப் போயிருக்கும்... தாடை இறுகியிருக்கிறது. ஓ, தாடை. எங்கேயோ போய்விட்டேன்.

அந்த 'ஓ'. அதை யார் சொன்னது? நான் முடிவெடுத்துச் சொல்லவில்லை. கனவில் இருப்பவனுக்குக் கனவு என்று தெரியாதது போலத்தான் நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எதுவோ விழித்தது. விழித்ததும் எனக்கு முன்னால் ஒரு வழி பிரிந்தது. 'மறுபடி போய்விட்டேனே' என்று என்னைத் திட்டலாம், திட்டினால் அது இன்னொரு கதையாக நீளும். இல்லாவிட்டால் தாடையைத் தளர்த்தி, அடுத்த மூச்சில் வந்து உட்காரலாம். இன்று வந்து உட்கார்ந்தேன். எல்லா நாளும் அப்படி இல்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான்காவது முறை நான் போய் நின்றபோது ஒன்று கேட்டார். "மனம் ஓடுகிறது என்கிறாயே, ஓடுகிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது?" எனக்குப் பதில் வரவில்லை. "தெரிந்தது பார், அதைத்தான் வளர்க்கிறோம்" என்றார். அன்றிலிருந்துதான் நான் கைவிடவில்லை. ஒவ்வொரு முறை ஓடுவதும் திரும்புவதற்கு ஒரு வாய்ப்பு. ஓடாத மனம் ஒன்று இருந்தால் அதற்குத் திரும்பத் தெரியாது. பகலில், யாரோ ஒருவர் குரலை உயர்த்தும்போது, நாக்கு நுனி வரை வந்த சொல்லை அங்கேயே நிறுத்துவது அந்தத் திரும்பல்தான். இருபது நிமிட அமைதி அதைச் செய்து தராது.

ஆகவே கருவி மூளையின் சலசலப்பை அடக்கிவிட்டால், அமைதி கிடைக்கும், சரி. திரும்பும் பழக்கம் கிடைக்குமா? அதுதான் என் பயம். கற்றல் ஆராய்ச்சியில் இதற்கு ஒரு எச்சரிக்கை ஏற்கனவே இருக்கிறது. 2013இல் தெரேசா யுக்குலானோவும் ராய் கோஹன் கடோஷும், புதிய எண்குறிகளைக் கற்பவர்களின் தலையில் டிடிசிஎஸ் வைத்தார்கள். உச்சிப் பகுதியின் பின்புறத்தில் வைத்தபோது கற்பது வேகமானது, ஆனால் கற்றது தன்னியல்பாக வருவது குறைந்தது. முன்பக்கத்தில் வைத்தபோது நேர்மாறாக நடந்தது. ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று தாழ்ந்தது. மூளையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு, இது கொஞ்சம் தீவிரமானது. 'நான்' என்ற உணர்வு தளர்வது எல்லோருக்கும் எப்போதும் இனிமையாக இருக்காது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜாரெட் லிண்டாலும் வில்லோபி பிரிட்டனும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்களிடமும் ஆசிரியர்களிடமும் நீண்ட நேர்காணல்கள் எடுத்து, தியானத்தின்போது வந்த கடினமான அனுபவங்களைத் தொகுத்தார்கள். பயம், தூக்கம் கெடுதல், உலகமே நிஜமில்லாதது போல் தோன்றுவது என்று அந்தப் பட்டியல் நீளமானது. வெறும் உட்காருதலிலேயே இப்படி நடக்கிறது. மெதுவாகப் போகிறவருக்கு வழியில் தாங்கும் சக்தியும் சேர்கிறது, பக்கத்தில் ஆசிரியரும் இருக்கிறார். ஒலிக்கற்றை ஒன்று ஒரே பிற்பகலில் அங்கே கொண்டுபோய் விட்டால், அன்று இரவு அவர் யாரைக் கூப்பிடுவார்? இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது என்று நான் நினைக்கிறேன். கருவியின் துல்லியம் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் இதற்கு எதிரி இல்லை. சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது பின்னால் ஒரு கை சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வரும். சமநிலை என்றால் எப்படி இருக்கும் என்று உடம்பு முதன்முதலாகத் தெரிந்துகொள்வது அந்தக் கையின் தயவில்தான். எந்த இடத்தைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்து சோர்ந்துபோகிறவர்களுக்கு, 'இதுதான் அந்த இடம்' என்று ஒரே ஒரு முறை காட்டிக்கொடுத்தால் போதும். கடுமையான பதற்றத்தால் கண்ணையே மூட முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் அலை ஓய்ந்து கிடைத்தால் அவர்கள் அதில் நீந்தக் கற்றுக்கொள்வார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கை எடுக்கப்பட வேண்டும் என்பதுதான். கருவி தலையில் இருக்கும்போது எடுத்த எஃப்எம்ஆர்ஐ படத்தைவிட, கருவியைத் திருப்பிக் கொடுத்து ஆறு மாதம் கழித்து அந்த ஆள் தானாக உட்காருகிறாரா, வீட்டில் இருப்பவர்கள் அவரிடம் ஏதாவது மாற்றம் பார்த்தார்களா என்பதையே நான் கேட்பேன்.

என் இரண்டாவது அமர்வைச் சொல்லவில்லை. அன்று கிடைத்தது நிஜ மின்சாரம். அரிப்பு வந்தது, போன வாரம் பார்த்ததுதானே என்று மூச்சுக்குப் போய்விட்டேன். மனம் தறிகெட்டு ஓடியது. முதல் நாளின் அமைதி ஏன் இன்று வரவில்லை என்று ஒப்பிட்டுக்கொண்டே இருபது நிமிடமும் போனது. ஒரே ஒரு ஆள், இரண்டே இரண்டு மாலை, இதை வைத்துக் கருவி வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. முதல் நாள் எனக்கு நல்ல தூக்கம், இரண்டாம் நாள் இல்லை. ஆனால் முதல் நாள் நடந்தது என்ன என்பது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஏதோ நடக்கப் போகிறது என்று உடம்பு முழுக்கக் காதாகிக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பே கவனம். அரிப்பு அடங்கிய பிறகும் அதைத் தேடித் தேடிப் போனேனே, அந்தத் தேடலில் அலுப்பு இல்லை, அடுத்து என்ன என்ற ஆர்வம் மட்டுமே இருந்தது. மூச்சிடம் நான் அப்படிப் போனதே கிடையாது. மூச்சு தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன்.

எதிர்பார்ப்பு எவ்வளவு செய்யும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. கனடாவில் மைக்கேல் பெர்சிங்கர் வலுக்குறைந்த காந்தப்புலம் தரும் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, அதை அணிந்தவர்கள் அறையில் யாரோ இருப்பதை உணர்ந்தார்கள் என்று அறிவித்தார். 2005இல் சுவீடனின் உப்சாலாவில் பேர் கிரான்க்விஸ்ட் குழு, எப்போது நிஜம், எப்போது போலி என்று அணிந்தவருக்கும் நடத்தியவருக்கும் தெரியாதபடி செய்து பார்த்தபோது, காந்தப்புலம் இருந்ததா இல்லையா என்பது எந்த வித்தியாசமும் செய்யவில்லை. யார் எளிதில் வசப்படும் இயல்புள்ளவரோ அவருக்கே அனுபவம் வந்தது. பலர் இதைப் போலி என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. வெறும் ஹெல்மெட் ஒன்றை மாட்டினாலே மனித மனத்துக்கு அவ்வளவு தூரம் போகும் திறன் இருக்கிறதே!

என் பெரியம்மா மகன், என்னைவிடப் பதினாறு வயது இளையவன், இப்போதுதான் உட்காரத் தொடங்கியிருக்கிறான். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைப் பார்த்திருக்கிறான். "அண்ணா, வாங்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். 2016லேயே இந்தத் துறையின் விஞ்ஞானிகள் பலர் கையெழுத்திட்டு, தாங்களாகவே மூளைத் தூண்டல் செய்துகொள்பவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியிருக்கிறார்கள். பஞ்சை வைத்த இடத்தோடு மின்சாரம் நிற்பதில்லை, ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு நேர்மாறாக வேலை செய்யலாம், மாற்றங்கள் நீண்ட நாள் நீடிக்கலாம் என்று அதில் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். பஞ்சு காய்ந்தால் தோல் புண்ணாகும் என்பதை நண்பரே எனக்குக் காட்டியிருக்கிறார், அவருடைய முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. ஆராய்ச்சி நடக்கும் இடத்தில், கேள்வித்தாளோடு ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கலந்துகொள்ள வாய்ப்பு வந்தால் போ என்றேன். "அதுவரைக்கும் என்ன பண்றது?" என்றான். மனம் ஓடியது எப்படித் தெரிந்தது என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை அவனிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். மூன்று நாள் கழித்து, 'அண்ணா, இன்னைக்குப் பதினோரு தடவை தெரிஞ்சுது' என்று செய்தி அனுப்பியிருந்தான். எனக்குக் கண் கலங்கியது.

நானும் உட்காருகிறேன். சில காலைகளில், கண்ணை மூடிய கொஞ்ச நேரத்திலேயே, கவனம் தானாக வலது நெற்றிப்பொட்டுக்குப் போகிறது. அந்த வட்டத்தைத் தேடுகிறது. அங்கே அரிப்பு இல்லை, ஈரம் இல்லை, லேசாக நாடி மட்டும் துடிக்கிறது. கொஞ்ச நேரம் அந்தத் துடிப்போடு இருந்துவிட்டு மூக்கு நுனிக்கு வருகிறேன். உள்ளே போகும் மூச்சு எந்த இடத்தில் குளிர ஆரம்பிக்கிறது என்று, இதுவரை பார்த்திராதது போல, தேடிக்கொண்டிருக்கிறேன்.